ஓப்பன் கான்செப்டும் அக்காவின் கதவும்

என் வலது தோள்பட்டையை இரண்டு வாரமாகத் தூக்க முடியவில்லை. பல் விளக்குவதும் இடது கையால்தான். மனித நாகரிகத்தின் ஒவ்வொரு பாய்ச்சலுக்கும் எவனோ ஒருவனுடைய தோள்பட்டை விலையாகப் போயிருக்கிறது. ஈப்போவில், எங்கள் தாமான் குடியிருப்பில், அந்தப் பேறு எனக்கு வாய்த்தது. என் வீட்டு உள்சுவரை என் கையாலேயே உடைத்தேன்.

காரணம் அற்பமானதல்ல. தீபாவளி 'ஓப்பன் ஹவுஸ்'. போன வருடம் நாற்பது விருந்தினர் எங்கள் கூடத்தில் நின்றுகொண்டே முறுக்குக் கடித்தார்கள். ஊரையே வீட்டுக்கு அழைத்துவிட்டு உள்ளே சுவர் வைத்திருப்பது கொள்கை முரண் என்று என் மனைவி புஷ்பலதா சுட்டிக்காட்டினாள். உடனே 'சுவர் அகற்றும் உயர்மட்டக் குழு' அமைந்தது. தலைவர் நான். செயலாளர் அவள். தொழில்நுட்ப ஆலோசகர் அவள் தம்பி தர்மேந்திரன். கைப்பேசியில் பதினோரு வீடியோ பார்த்துத் தகுதி பெற்றவன்.

ஆலோசகர் சுவரைத் தட்டி, காது வைத்துக் கேட்டார்.

"உள்ள கோசோங் லா மச்சான், வெறும் காலி. சும்மா நிக்கிது. எதையும் தாங்கல."

"மேல சீலிங் இருக்கே?"

"அது தன்னைத்தானே தாங்கிக்கும்."

"பெர்மிட் எடுக்கணுமாமே?"

"உள்ளுக்குள்ள உடைக்கிறதுக்கு எதுக்குப் பெர்மிட்? ரோட்டுல நின்னு பார்த்தா வீடு வீடாத்தானே இருக்கும்!"

அந்தச் சுவருக்கு மறுபக்கம் என் அக்கா செல்லாயியின் அறை என்பது, நிகழ்ச்சி நிரலில் 'இதர விஷயங்கள்' பகுதியில் வந்தது. அக்கா சுங்காயில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார்.

"அண்ணிகிட்ட ஒரு வார்த்தை கேட்டுக்கலாங்க" என்றாள் செயலாளர்.

"வந்து பார்த்து சந்தோஷப்படட்டும்" என்றேன். தீர்மானம் ஏகமனதாக நிறைவேறியது.

நல்ல நேரம் பார்த்து, சூடம் காட்டி, எலுமிச்சம்பழம் நசுக்கி, சம்மட்டியை ஓங்கினேன். சாயங்காலத்துக்குள் சுவர் போனது. அதற்குள் ஓடிய வயர் அறுந்து விசிறியும் நின்றது. சீலிங் ஓர் அங்குலம் இறங்கியது. "செட்டில் ஆவுது லா" என்றார் ஆலோசகர். அக்காவின் கதவை மட்டும் நிலையோடு விட்டுவைத்தோம். கெட்டி மரம், பித்தளைப் பூட்டு. நட்டநடுவில், இரு பக்கமும் காற்றோடு, தனியாக நின்றது. வீடியோவில் இதற்கு 'ஃபீச்சர்' என்று பெயர்.

ஞாயிற்றுக்கிழமை அக்கா வந்தார். வாசலில் நின்றபடியே சோபாவையும் தன் கட்டிலையும் ஒரே பார்வையில் பார்த்தார். ஓப்பன் கான்செப்டின் சிறப்பே அதுதான்.

"என்னடா இது, திரும்ப லயத்துக்கே வந்துட்டமா?"

"லயமா! பணக்காரங்க வீடெல்லாம் இப்ப இப்படித்தாங்க்கா."

"எஸ்டேட்டுல எட்டுப் பேரு ஒரே ரூம்ல கெடந்தோம். நான் சேலை மாத்த அம்மா கோணிச்சாக்க கட்டுச்சு. அப்ப நம்மள ஒருத்தனும் பணக்காரன்னு சொல்லலியேடா?"

அப்புறம் மடியிலிருந்து சாவியை எடுத்தார். கதவைத் திறந்து உள்ளே போனார். பூட்டிக்கொண்டு கட்டிலில் உட்கார்ந்தார், எங்களிடமிருந்து ஆறடி தூரத்தில்.

தர்மேந்திரன் பக்கவாட்டில் தலையை நீட்டினான். "அக்கா, இப்படியே சுத்தி வரலாம்..."

"கதவத் தட்டிட்டுப் பேசு."

தட்டினான்.

"யாரு?"

"நாந்தாங்க்கா."

"தூங்குறேன், அப்புறம் வா."

ஓப்பன் ஹவுஸ் மாபெரும் வெற்றி. ஐம்பது பேர் உட்கார்ந்து சாப்பிட்டார்கள். பூட்டிய கதவுக்குப் பின்னால் அக்கா தட்டோடு இருந்ததைச் சிலர் படம் எடுத்தார்கள். இப்போதெல்லாம் அவர் குளியலறையில்தான் சேலை மாற்றுகிறார். ஈரத் தரையில், கொசுவம் நனையாமல். நேற்று என் தோளுக்குத் தைலம் தேய்த்துவிட்டு, "ஒரு நாள் வேலைக்கே இப்படியாடா?" என்று சிரித்தார்.

இருபத்தொன்பது வருடம் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் சீவிச் சேர்த்ததை இந்த வீட்டுக்கு முன்பணமாகக் கொடுத்தபோது அவர் கேட்டது ஒன்றே ஒன்று: "எனக்கு நாலு சுவரும் ஒரு பூட்டும் போதும்டா." தலையாட்டியது நான்தான்.

பூட்டு இருக்கிறது. சுவர் மூன்று இருக்கிறது. அக்காவுக்கு நான் ஒரு சுவர் பாக்கி.