கேம் பெட்டியைத் தாராளமாக எடுத்துக்கொள்

அன்புள்ள அண்ணாவுக்கு,

தங்கை எழுதுவது. நீயும் அண்ணியும் புது வீட்டில் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே அம்மாவின் முழங்கால் வலியைத் தவிர எல்லாம் சரி. போனில் எனக்கு ‘ம்’ தவிர எதுவும் வராது என்பது உனக்குத் தெரியும், அதனால்தான் கடிதம்.

கேம் பெட்டியை எடுத்துப்போக ஞாயிற்றுக்கிழமை உன் சிநேகிதர் சோடாபுட்டி அண்ணன் வருவார் என்று அம்மாவிடம் சொன்னாயாம். தாராளமாக எடுத்துக்கொள். எனக்கு அதன்மேல் ஒரு ஆசையும் இல்லை. நீ போனபின் அந்த டிராகன் கேமை முழுதாக ஆடிப் பார்த்துவிட்டுத்தான் சொல்கிறேன், அதில் நல்லதும் உண்டு, குறையும் உண்டு. நல்லது என்னவென்றால், ராஜா நாட்டையே காப்பாற்றச் சொல்லி என் கையில் வாளைக் கொடுக்கிறார், எதுவரை படித்தாய், ஏன் நின்றுவிட்டாய் என்று ஒரு வார்த்தை கேட்பதில்லை. யாராவது பேசினால் திரையில் மூன்று பதில் வரும், ஒன்றை அமுக்கினால் போதும். இந்தப் பழக்கம் தையல் கடையில் வினையாகிவிட்டது. ஒரு அக்கா வந்து, “என் சட்டை எப்பம்மா ரெடியாகும்?” என்று கேட்க, அவர் முகத்துக்குக் கீழே பதில் வரும் என்று நான் பார்த்துக்கொண்டே நின்றேன். அவர் ஏதோ கறை என்று நினைத்துக் கழுத்தைத் துடைத்துக்கொண்டார். டெய்லர், “என்னம்மா, வாய்ல குண்டூசியா வச்சிருக்க? துப்பிட்டுப் பேசு!” என்றார். நிஜமாகவே வைத்திருந்தேன். துப்பினேன். அப்போதும் பேச்சு வரவில்லை.

குறை என்னவென்றால், அங்கே யாருக்கும் ஞாபகமே கிடையாது. டிராகனைக் கொன்று, முடியெல்லாம் கருகி ஊருக்குள் வந்தால், கிணற்றடிப் பெண்மணி “என் கோழியைப் பார்த்தாயா?” என்கிறாள். கோழி அவள் காலடியில்தான் மேய்கிறது. சத்திரக்காரர் மட்டும் “வா பயணியே, களைத்திருக்கிறாய், உட்கார்” என்பார். எல்லோரிடமும் அதையேதான் சொல்வார் என்று தெரிந்தும், கடைவிட்டு வந்ததும் முதலில் அங்கேதான் போகிறேன். அம்மா, “ஏண்டி, நான் உக்காருன்னு சொன்னா காதுல விழாதா? அந்தப் பொட்டிக்குள்ளயே போய்க் குடித்தனம் பண்ணு!” என்கிறாள்.

பெரிய குறை, கூட வரும் துணை. நீ அந்த ஆளாக ஆடியபோது கண்ட புதரிலும் குதிப்பாய், என் ரொட்டியைத் திருடித் தின்பாய், நான் கத்துவேன். இப்போது அவனைக் கேமே நடத்துகிறது. உன் பெயர், உன் தொப்பி, ஆனால் ஒழுங்கோ ஒழுங்கு. ஒருமுறை பனிமலையில் நிற்கச் சொல்லிவிட்டு மறந்தே போனேன். ஞாபகம் வந்து ஓடினால், தலையில் பனி குவிய அப்படியே நிற்கிறான். ஒரு திட்டுகூட இல்லை. எனக்குத்தான் அழுகை வந்துவிட்டது. ஆகவே இந்தப் பெட்டி எனக்கு வேண்டாம்.

அண்ணிக்கு என் அன்பு. இருவரும் சண்டையும் சமாதானமுமாக நெடுநாள் வாழவேண்டும். அம்மாவின் ஆசியையும் இதிலேயே மடித்து வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
உன் தங்கை

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்குள் சோடாபுட்டி அண்ணன் வந்துவிட்டார். பெட்டி ரிப்பேர் என்று சொல்லித் திருப்பி அனுப்பிவிட்டேன். நன்றாகத்தான் ஓடுகிறது. ஆனால் யார் வந்து கேட்டாலும் ரிப்பேர்தான், நீயே நேரில் வந்து பார்த்தால்தான் சரியாகும். வரும்போது ரெண்டு நாள் லீவு போட்டுவிட்டு வா.