அடுப்பு வாங்கப் போன என் இரண்டு கைகள்

"...பானையக் கொண்டு போங்கண்டு சொல்லியனுப்பினா, வெறுங்கையோட போய் இந்தக் கிணத்தையா வாங்கிட்டு வந்திருக்கீங்க!"

கல்யாணம் முடித்து ஒன்பது வருடத்தில் என் மாமி, அதாவது மனைவியின் உம்மா, என்னிடம் நேராகப் பேசிய முதல் வாக்கியம் இது. கேட்டதும் எனக்குக் காது அடைத்துவிட்டது.

எங்கள் கல்முனைப் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோவான். என் மாமி பழைய ஆள். மருமகனின் முகம் பார்த்துக் கதைப்பது மரியாதைக் குறைவு என்று நினைப்பவர். செய்தியெல்லாம் என் மனைவி நஸீமா வழியாகத்தான் வரும். நஸீமா இல்லாவிட்டால் பூனை வழியாக வரும். ("பூனையே, மாப்பிள்ளைட தேத்தண்ணி ஆறப்போகுது." பூனைக்கு என்ன விளங்கியதோ, நான் எழும்பிப்போய்க் குடித்துவிடுவேன்.)

கேஸ் கிடைக்காமல்போன காலம் அது. சிலிண்டர் காலியாகி ஒரு கிழமை. வருகிற சனிக்கிழமை, நஸீமாவின் தங்கச்சி றிஸ்னாவுக்குப் பேசியிருந்த மாப்பிள்ளையின் உம்மா பகல் சாப்பாட்டுக்கு வருகிறார். அவர் 'ஓம்' சொன்னால்தான் கல்யாணம். திரைச்சீலைக்குப் பின்னாலிருந்து மாமியின் உத்தரவு வந்தது:

"நஸீமா, மாப்பிள்ளைட்டச் சொல்லு கா. பெரிய பானையையும் கொண்டு போய், அளவு பார்த்து விறகடுப்பு எடுக்கட்டாம்."

நானோ அயர்ன் பண்ணிய சேர்ட் போட்டிருந்தேன். மோட்டார் சைக்கிளின் பின்னால் கரிப்பானையைக் கட்டிக்கொண்டு சந்தியைக் கடப்பதா? பானையைக் கிணற்றடியில் கவிழ்த்துவிட்டுக் கிளம்பினேன்.

மாவடிப்பள்ளிப் பக்கம் ஒரு வெல்டிங் பட்டறையில் பழைய பீப்பாக்களை அறுத்து, உள்ளே களிமண் பூசி அடுப்புச் செய்துகொண்டிருந்தார்கள். பட்டறைக்கார நானா என்னை மேலும் கீழும் பார்த்தார்.

"பானை எங்க?"

"வீட்ட இருக்கு."

"பானை இல்லாம அடுப்புப் பார்க்குறதா? மாப்பிள்ளை இல்லாம கல்யாணக் காவின் எழுதுற மாதிரியெல்லோ இருக்கு!"

"அளவு எனக்குத் தெரியும்" என்று கைகளை விரித்துக் காட்டினேன். அவர் சிரித்தார். ரோஷத்தில் கைகள் இன்னும் ஒரு சாண் விரிந்தன. மூன்றுகால் அடுப்பு, இரட்டைவாய் அடுப்பு எல்லாம் காட்டினார். நான் ஃபேன் வைத்ததை எடுத்தேன். பழைய கம்ப்யூட்டரில் கழற்றிய ஃபேனாம், பெட்டரியில் ஓடுமாம். உண்மையைச் சொன்னால், அதில் ஒரு சுவிட்ச் இருந்தது. அதுதான் காரணம்.

சனிக்கிழமை குசினியில் அடுப்பை வைத்துப் பானையை ஏற்றினோம். அடி வாய்க்குள் இறங்கிப்போய், வயிறு மட்டும் விளிம்பில் தொட்டுக்கொண்டு நின்றது. "கச்சிதம்" என்றேன். தண்ணீரும் அரிசியும் விழுந்தன. 'டக்' என்று ஒரு சத்தம். பானை கழுத்துவரை உள்ளே போய் இறுகிவிட்டது. புகைக்குப் போக வழியில்லை. நான் பதற்றத்தில் ஃபேனை நிறுத்துவதற்குப் பதிலாகக் கூட்டிவிட்டேன்.

விறகு வாயால் சாம்பல் பீரங்கிபோலப் பாய்ந்தது. குசினியைத் தாண்டி, திரைச்சீலையை விலக்கி, முன்கூடத்தில் இருந்த சம்பந்திப் பெண்மணியின் வெள்ளை முந்தானையில் போய்க் குந்தியது. அவர் இருமிக்கொண்டு குசினி வாசலுக்கு ஓடிவந்தார். பின்கதவால் மாமி ஓடிவந்தார். வந்த வேகத்தில் என் முகத்துக்கு நேரே நின்று அந்த வாக்கியத்தைச் சொன்னார்.

நஸீமா அகப்பையைக் கீழே போட்டுவிட்டாள். மாமி தன் வாயைத் தானே பொத்திக்கொண்டார். றிஸ்னாவின் கல்யாணம் என் கையால் கருகிவிட்டது என்றே நினைத்தேன்.

சம்பந்திப் பெண்மணி முகத்துச் சாம்பலைத் துடைத்தார். துடைத்துவிட்டுச் சிரிக்கத் தொடங்கினார்.

"என்ட மகன் சரியான வாயாடி. மருமகனோட மாமி கதைக்காத ஊடாமே, இங்க எப்பிடித்தான் இருப்பானோண்டு யோசிச்சிட்டு வந்தன். பரவாயில்ல கா, இந்த ஊட்டுல மாமி கதைக்கிறா! எனக்கு ஓம்."

அன்று பகல் கடைக் கொத்துரொட்டியோடு கல்யாணப் பேச்சு முற்றாகியது. இன்றும் எங்கள் வீட்டில் யார் சாமான் வாங்கக் கிளம்பினாலும், "கைய வெச்சிட்டுப் போங்க" என்று குசினியிலிருந்து ஒரு குரல் வரும். சின்ன மருமகனாக வந்த அந்த வாயாடிதான் மோசம், நான் தீப்பெட்டி வாங்கப் போனாலும் சொல்லுவான்.

மாமியா? அடுத்த நாள் காலை ஓட்டோ பிடித்து, அந்தக் கிணற்று அடுப்பைப் பின்னால் ஏற்றி, பானையைத் தன் மடியில் வைத்துக்கொண்டு அடுப்பு மாற்றக் கிளம்பினார். வழிகாட்ட நான் முன்னால், டிரைவரின் பக்கத்தில் ஒட்டி இருந்தேன். பாதி வழியில் முந்தானையைச் சரிசெய்துகொண்டு, டிரைவரின் முதுகைப் பார்த்துச் சொன்னார்:

"தம்பி, உங்களுக்குப் பக்கத்துல இருக்குற மருமகன்ட்டச் சொல்லுங்க. பட்டறையில கைய மடிச்சிக் கட்டிக்கிட்டு நிக்கட்டாம்."