நான் தேறாத காதுப் பரீட்சை

மனிதன் தன் காதின் பின்பக்கத்தைப் பார்க்காமலே வாழ்ந்து முடிக்கிறான். மற்றவர்களுக்கு இதனால் ஒன்றும் கெட்டுப்போகவில்லை. எனக்குக் கெட்டது.

பாலக்கோட்டுப் பக்கம் ஒரு மிஷன் பள்ளிக்கூடத்தில் நான் படித்தேன். முப்பதுகளில் கடல் கடந்து வந்த இரண்டு வெள்ளைக்காரப் பெண்கள் அங்கே இருந்தார்கள். பெரிய துரைசாணி பள்ளிக்கூடத்தைப் பார்த்துக்கொண்டார், சின்ன துரைசாணி மருந்து கொடுத்தார். காலையில் பெரியவர் வாசலில் நின்று ஒவ்வொருவர் காதையும் மடக்கிப் பின்னால் பார்ப்பார். சுத்தமாக இருப்பவனுக்கு அன்று பள்ளி மணியை ஆட்டும் பாக்கியம். என் காதுகள் கொஞ்சம் அகலம் (முறம் என்பார்கள், அவ்வளவு இல்லை). அழுக்கு குடியிருக்கத் தாராளமாக இடம் இருந்தது. படிப்பு முடியும்வரை அந்த மணி என் கைக்கு வரவே இல்லை.

யுத்தத்துக்கு முன்பே இருவரும் கப்பலேறிப் போய்விட்டார்கள். யுத்தம் முடிந்ததும் பழைய பிள்ளைகளைப் பார்க்க ஒரே ஒரு தடவை வந்தார்கள். சேலத்தில் ஒரு பங்களாவில் இருக்கிறார்கள், சனிக்கிழமை சாயங்காலம் ரயிலேறுகிறார்கள் என்று சேதி வந்தது. அப்போது நான் வாத்தியார், கல்யாணமும் ஆகியிருந்தது. இருந்தாலும் "சுத்தம்" என்று பெரிய துரைசாணியின் வாயால் ஒரு தடவை கேட்டுவிட வேண்டும் என்ற ஆசை மட்டும் போகவில்லை. இதை விட்டால் இனி எப்போது?

சனிக்கிழமை விடியற்காலையில் சீயக்காயும் தேங்காய் நாரும் வைத்துக் காதைத் தேய்த்தேன். தோல் சிவந்து எரிந்தது. தலையில் எண்ணெயை வழிய வழியத் தடவி, வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டேன். வழியில் தூசி படாமலிருக்கக் காதை மூடித் தலையைச் சுற்றி ஒரு துணியும் கட்டினேன். பஸ் டிரைவர் என்னைப் பார்த்துவிட்டு, எந்தப் பக்கத்துப் பல் என்று அக்கறையாக விசாரித்தார்.

பெட்ரோல் கிடைக்காத காலம். பஸ் கரியில் ஓடியது. பின்னால் ஆளுயரத்துக்கு ஓர் அடுப்பு, அதை ஊத ஒரு கைச்சக்கரம். பெண்களுக்கு முன்சீட்டு என்பதால் என் மனைவி கனகம் அங்கே உட்கார்ந்தாள். அவள் நல்லம்பள்ளிக்காரி, துரைசாணிகளைப் பார்த்ததே இல்லை. அவர்களுக்காகக் கொண்டுபோன வெள்ளைச் சேவலைக் கூடையோடு மடியில் வைத்து முந்தானையால் மூடிக்கொண்டாள். எனக்கு அடுப்புக்குப் பக்கத்துச் சீட்டுதான் கிடைத்தது.

தருமபுரி தாண்டி அதியமான்கோட்டை மேட்டில் பஸ் நின்றது. அடுப்பில் தணல் அவிந்துவிட்டது. இறங்கியவர்களெல்லாம் புளியமர நிழலில் சாவகாசமாக வெற்றிலை போட ஆரம்பித்தார்கள். இப்படியே நின்றால் ரயில் போய்விடும். நானே போய்ச் சக்கரத்தைப் பிடித்துச் சுற்றினேன். வேர்த்துக் கொட்டியதில் தலைத்துணியை அவிழ்த்து வைத்தேன். ஊதின ஊதலுக்குப் பலன் தெரிகிறதா என்று பார்க்க அடுப்பின் மூடியில் கை வைத்தேன்.

"வாத்தியாருங்களே, அதத் தொறக்காதீங்க. உள்ள இருக்கறது வெளிய வந்துரும்ங்க" என்றார் டிரைவர்.

அவர் சொல்லி முடிப்பதற்குள் வந்துவிட்டது. கண்ணைத் திறந்தபோது என் கையையே எனக்கு அடையாளம் தெரியவில்லை. கரியும் தேங்காய் எண்ணெயும் சேர்ந்தால் மை ஆகும் என்று பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தியவன் நான்தான். தொப்பூரில் பஸ்ஸுக்குத் தண்ணீர் ஊற்ற நிறுத்தியபோது முகத்தை மட்டும் அவசரமாகக் கழுவிக்கொண்டு, "சரியா இருக்குதா?" என்று கனகத்திடம் கேட்டேன். மூஞ்சி நல்லா இருக்குதுங்க என்றாள்.

பங்களாவில் பெட்டிகளெல்லாம் கட்டி வைத்தாகிவிட்டது. பெரிய துரைசாணிக்குத் தலை முழுக்க நரைத்து, கை நடுங்கியது. என்னை மேலும் கீழும் பார்த்தார். சௌக்கியமா என்றுகூடக் கேட்கவில்லை.

"பெருமாள், திரும்பு."

திரும்பினேன். காதை மடக்கினார். அந்தப் பிடியில் மட்டும் நடுக்கம் இல்லை. சின்ன துரைசாணி உள்ளே போய் ஒரு பேசினில் தண்ணீரும், சோப்பும் கொண்டுவந்தார். பள்ளிக்கூடத்து வாத்தியார் பங்களா வாசலில் குனிந்து நிற்க, தோட்டக்காரர் முதல் சமையற்காரர் வரை வேடிக்கை பார்க்க, என் காதைத் தேய்த்தார்கள். மானம் போனது. ஆனாலும் அந்தக் கை என் காதைப் பிடித்திருந்தது எனக்குப் பிடித்திருந்தது என்பதையும் சொல்லிவிடுகிறேன். தண்ணீர் மூன்றாவது பேசினிலும் கறுப்பாகவே வந்தது.

அடுத்து கனகத்தின் காதை மடக்கிப் பார்த்தார். "சுத்தம்" என்றார். கூடையைத் திறந்து சேவலையும் பார்த்தார். அதுவும் சுத்தம்.

பிறகு பெட்டியை அவிழ்த்து, கப்பலில் கூடவே கொண்டுபோயிருந்த பள்ளிக்கூடத்துக் கைமணியை எடுத்துக் கனகத்தின் கையில் கொடுத்தார். அவள் ஆட்டினாள். தெருமுனை வரை கேட்டிருக்கும்.

திரும்பி வரும்போது, காதில் கரி இருந்ததை ஏன் சொல்லவில்லை என்று சண்டை போட்டேன்.

"மூஞ்சியத்தானங்க கேட்டீங்க? காதக் கேக்கலையே" என்றாள்.

மணி இப்போதும் எங்கள் வீட்டு அடுப்படியில் தொங்குகிறது. சாப்பாட்டுக்கு அதை ஆட்டித்தான் கூப்பிடுவார்கள். யார் வேண்டுமானாலும் ஆட்டலாம், நான் மட்டும் காதைக் காட்ட வேண்டும். போன வாரமும் கையை நீட்டினேன். பேத்தி என் காதை மடக்கி வெகுநேரம் பார்த்துவிட்டு, உள்ளே திரும்பிக் கனகத்திடம் கத்தினாள்.

"ஆயா, இன்னும் கரி போகலைங்க."