டிவியிடமிருந்து நான் மீட்ட ‘மொத ஓட்டு’

மூன்றாம் வகுப்பைத் தாண்டாதவன் நான். கூலித் தறியில் உட்கார்ந்தவன் எட்டு பவர்லூம் ஓடுகிற ஷெட் கட்டினேன், மாடி வீடு கட்டினேன், தேவிகாபுரத்தில் கிணற்றோடு நிலம் வாங்கினேன். அதெல்லாம் சும்மா. ‘மொத ஓட்டு’ என்று ஊரே கூப்பிடுகிறவரை ஒரு நாள் டிவி முன்னாலிருந்து கிளப்பினேன் பாருங்கள், அதுதான் பெரிய வேலை.

அவரைப்போல ஓட்டை நம்பிய ஆள் ஆரணியில் பிறக்கவே இல்லை. பட்டு நூலுக்குச் சாயம் போடுகிறவர். தேர்தலன்று வாட்ச்மேனுக்கு முன்னால் பள்ளிக்கூட கேட்டில் நிற்பார். பத்து விரலிலும் சாயம். மை வைக்க இடம் தேடி அதிகாரி முழிப்பார்.

“ஏற்கெனவே போட்டுட்டியாய்யா?”

“இப்பதான் கதவே தொறந்தீங்கோ. எனக்கு முன்னாடி எவன் சார் போட்டான்?”

பிறகு வீட்டில் நியூஸ் சேனல் நுழைந்தது. டிவியில் கத்துகிறவர்களுக்கெல்லாம் இவர் பதில் கத்துவார். “சோறு போடட்டான்னா, விளம்பரத்துல கேளுன்றாருண்ணா!” என்று அவர் மனைவி என்னிடம் அழுதார்.

ஒரு தேர்தலில் சாயங்காலமாகியும் ஆளைக் காணோம். வீட்டுக்கு ஓடினேன்.

“யோவ், ஓட்டு போடலியா?”

“ஒரு சேனல்ல இவன் ஜெயிப்பான்றான், இன்னொன்னுல அவன்றான். என்னை ஒருத்தனாச்சும் கேட்டானா? எல்லாம் பேசி வெச்சிகினு பண்றானுங்கய்யா.”

“ஏந்திரு. இல்லாங்காட்டி டிவிய தூக்கினு பூடுவேன்.”

“ரெண்டையும் தூக்கினு போங்கண்ணா!” என்றார் மனைவி.

வண்டியில் ஏற்றி ஜல்தியாக விட்டேன். வரிசையின் கடைசியில் நின்றோம், நேரம் முடிந்தது. அதற்குமேல் யாரும் நுழையாதபடி நிற்பவர்களுக்குச் சீட்டு கொடுத்தார்கள். அதை வாலிலிருந்துதான் ஆரம்பிப்பார்கள். எனக்குப் பின்னால் கடைசி ஆளாக நின்ற நம்ம ‘மொத ஓட்டு’வுக்கு ஒன்றாம் நம்பர்!

“பாத்தியாய்யா, இன்னிக்கும் நான்தான் மொதல்ல!” குழந்தைபோலச் சீட்டை ஆட்டிக்கொண்டே போய் ஓட்டுப் போட்டார்.

மறுநாளே டிவியில் நாலு பேர், எண்ணுவதற்கு முன்பே எல்லாம் பித்தலாட்டம் என்று கூச்சலிட்டார்கள். “என்னை இட்டுனு போயி ஏமாத்திட்டியே” என்றார் என்னிடம். அடுத்த தேர்தலுக்கு வண்டியோடு வாசலில் நின்றேன். கதவு திறக்கவில்லை. உள்ளே டிவி மட்டும் பேசியது.

சேனல்காரர்களே, ஆரணியில் ஒருவர் கடைசியில் நின்று ஒன்றாம் நம்பர் வாங்கியதையும் ஒரு நாள் சொல்லுங்கள். கூட்டி வந்தவன் நான். என் பேர் கட்டாயம் வரவேண்டும். அவர் பேருக்குக் கீழே வந்தாலும் சரி. அவர் பார்க்கிற சேனலிலேயே சொல்லுங்கள். ஓட்டு பித்தலாட்டமில்லை என்று நான் சொன்னால் நம்பமாட்டேன் என்கிறார்.