சேணத்துக்குத் தாவிய ஜின்

கல்பாய் பக்ஷி வருகிறார் என்றதும் ஊரே தோக்தோசுன் வீட்டு முற்றத்தில் கூடிவிட்டது. பக்ஷி என்றால் அந்த ஊரில் மந்திரவாதி; ஜின்களை அடித்தே விரட்டுகிறவர் இவர். ஜின்னை யாரும் பார்த்ததில்லை. அடியைப் பார்த்திருக்கிறார்கள்.

முந்தைய நாள், குதிரை வீரர்கள் செத்த ஆட்டின் உடலுக்காக மோதும் கோக்-போரு ஆட்டத்தில், அதைப் பறிக்கப் பாய்ந்த தோக்தோசுன், குதிரையிலிருந்து தலைகுப்புற விழுந்தான். நெற்றி புடைத்தது. காலையில் இரண்டு கண்களும் கருநீலமாக வீங்கி மூடிக்கொண்டன. மூக்கிலிருந்து தண்ணீராக ஒழுகியது.

“பாத்தீங்களா? வீட்டுல இருந்தே ஓதி, நெத்தி ஜின்னைக் கண்ணுக்கு இறக்கிட்டேன். மூக்குல வர்றது அதோட அழுகை” என்றார் பக்ஷி.

“அழுகையாவது! ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகணும்” என்றாள் மனைவி சைராகுல். பக்கத்து வீட்டு எசென் காரோடு காத்திருந்தான்.

“வாயை மூடு, பொண்ணே! ஆஸ்பத்திரி அக்கரையில இருக்கு. உடம்புல ஜின்னை வச்சுக்கிட்டு ஆத்தைத் தாண்டினா பாலத்துலயே உயிர் போயிடும்.”

“என் பிள்ளையைக் கொன்னுடாதேடி!” என்று மாமியார் காரின் குறுக்கே நின்றாள்.

ஆடு அறுபட்டது. நுரையீரல் ஜின்னுக்கு, கறி பக்ஷிக்கு. இந்தப் பங்கீட்டில் எந்த ஜின்னும் இதுவரை தகராறு செய்ததில்லை.

நுரையீரலின் ஒரு பாதியால் பக்ஷி தோக்தோசுனின் முதுகில் சளார் சளார் என்று அடித்தார். அவன் முனகினான். இளஞ்சிவப்பு நுரையீரல் நசுங்கிக் கறுத்தது.

“கறுப்பு! பாதி ஜின் இதுல ஏறிடுச்சு. மிச்சத்துக்குத் தினம் ஒரு ஆடு அறுங்க.”

சைராகுல் மற்றப் பாதியை எடுத்தாள். வேலிமேல் பக்ஷி கழற்றி வைத்திருந்த புதுச் சேணத்தை ஓங்கி ஓங்கி அடித்தாள். அந்த நுரையீரல் பாதியும் கறுத்தது.

“உங்க சேணத்துக்கு என்ன ஜின், பக்ஷி?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். பக்ஷி சளைக்கவில்லை. “பைத்தியக்காரி! உன் புருஷன்கிட்ட இருந்து அது சேணத்துக்குத் தாவிடுச்சு!”

“மொத்தமாவா?”

“மொத்தமா!”

“அப்போ இவர்கிட்ட இல்ல. ஆத்தைத் தாண்டலாம். நகருங்க, அத்தை.”

மாமியார் பக்ஷியைப் பார்த்தாள். பக்ஷி சேணத்தைத் துடைத்துக்கொண்டிருந்தார். அவள் நகர்ந்தாள்.

தோக்தோசுனைக் காரில் படுக்கவைத்தபடியே எசென் கேட்டான்: “பக்ஷி, உங்க வீடு அக்கரையாச்சே! ஜின் இருக்கிற சேணத்துல எப்படிப் போவீங்க?”

ஊரே பார்த்தது. பக்ஷி குதிரைக்குச் சேணத்தைப் பூட்டினார். கறி மூட்டையைக் கட்டினார். ஏறினார். பாலத்தைத் தாண்டினார். ஜின்னும் அவரும் சுகமாக அக்கரை சேர்ந்தார்கள்.

நகரத்து டாக்டர் படம் எடுத்துப் பார்த்தார். மண்டையோட்டின் அடியில் விரிசல். ஒழுகியது மூளையைச் சுற்றியிருக்கும் நீர். உள்ளே கசிந்த ரத்தம்தான் கண்ணைச் சுற்றிக் கறுத்திருந்தது.

“முதுகுல ஏன் அடிச்சீங்க?” என்று அவர் கேட்டார்.

தோக்தோசுன் பிழைத்தான். அவன் தலை பழுதானதற்குக் குதிரை காரணம். முற்றத்தில் நின்ற மற்றவர்கள் யாரும் குதிரையிலிருந்து விழவில்லை. அவர்கள் தலைக்கு என்ன ஆயிற்று?