வடக்குச் சுவரில் ஒரு கண்

சுவரிலிருந்து ஒரு கண் ஆம்ப்ரோஸ் திர்கெல்லை முறைத்துக்கொண்டிருந்தது.

அவர் செய்தது பெரிய குற்றம் எதுவும் இல்லை. தேவாலயத்தின் வடக்குச் சுவரில், வாசலுக்கு நேர் எதிரே, ஈரம் ஊறிப் பாசி பிடித்திருந்தது. துணியை நனைத்து லேசாகத் துடைத்தார். சுண்ணாம்பு அப்பளம் போலப் பெயர்ந்து விழுந்தது. உள்ளேயிருந்து கண் வந்துவிட்டது. நல்ல பெரிய கண், கருப்பு விழி, மேலே அழகாக வளைந்த புருவம்.

"என்னத்தைப் பண்ணித் தொலைச்சீங்க?" பூச்சாடிக்குத் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்த மேவிஸ் காரட் பின்னாலிருந்து கேட்டாள். தேவாலயத்தைப் பெருக்குவது, பூ வைப்பது, ஆம்ப்ரோஸை அதட்டுவது மூன்றும் அவள் பொறுப்பு.

"நான் ஒண்ணும் பண்ணலை. துடைச்சேன். அதுவா முழிச்சுக்கிச்சு."

"பிஷப் ஆபீஸ்லே கேக்காம இங்க ஒரு ஆணிகூட அடிக்கக் கூடாதுன்னு சட்டம் இருக்கே, தெரியுமா தெரியாதா? பொறுப்பாளர்னு பேரு மட்டும் வச்சுக்கிட்டு!"

தெரியும். நன்றாகவே தெரியும். வியாழக்கிழமை பிஷப் அலுவலகத்திலிருந்து ஆள் வருகிறார் என்பதும் தெரியும். ஞாயிறு வழிபாட்டுக்கு ஏழெட்டுப் பேர்தான் வருகிறார்கள், கூரையோ ஒழுகுகிறது, இப்படியொரு தேவாலயத்தைத் திறந்து வைத்திருக்கத்தான் வேண்டுமா என்று பார்க்க வருகிறார். ஆம்ப்ரோஸுக்கு ஞானஸ்நானம், கல்யாணம், மனைவி ஐடாவின் அடக்கம் எல்லாம் இங்கேதான். இதை இழுத்துப் பூட்டுவது அவரைப் பூட்டுவதற்குச் சமம்.

"மறைச்சிடலாம்" என்றார்.

அறிவிப்புப் பலகையைக் கொண்டுவந்தார். மாட்ட ஆணி வேண்டும். சட்டத்தை ஒரு நிமிடம் நினைத்துப் பார்த்தார். பிறகு சுத்தியலை எடுத்தார்.

"மெதுவா" என்றாள் மேவிஸ்.

மெதுவாகத்தான் அடித்தார். தட்டு அளவுக்குச் சுண்ணாம்பு பொத்தென்று பெயர்ந்து விழுந்தது. இப்போது இரண்டு கண், ஒரு மூக்கு, சுருள்சுருளான தாடி.

"பேஷ். முழு ஆளையும் வரவழைச்சிட்டுத்தான் விடுவீங்க போல."

வெள்ளைக் காகிதத்தை வைத்து நாலு பக்கமும் ஒட்டுநாடா ஒட்டினார். கோணலாக இருந்ததால் பிரித்து நேராக ஒட்டப் பார்த்தார். நாடாவோடு சுண்ணாம்பும் உரிந்து வந்தது. தாடிக்காரனின் தோளும், தோள்மேல் ஒரு குழந்தையின் குட்டிக் கையும் தெரிந்தன.

"ஆம்ப்ரோஸ், உங்களைக் கையெடுத்துக் கும்பிடறேன். இனிமே எதையும் சரி பண்ணாதீங்க."

அந்த நேரத்தில் வெளியே பேருந்து நிற்கும் சத்தம் கேட்டது. மேவிஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தாள்.

"மழைக்கோட்டு போட்டுக்கிட்டு ஒரு பெருங்கூட்டம் இறங்குது. கழுத்துல பைனாகுலர் எல்லாம் மாட்டியிருக்காங்க. பழைய சர்ச்சுங்களைச் சுத்திப் பார்க்கற கூட்டம் மாதிரி இருக்கு."

"நம்ம சர்ச்சுக்கா?" ஆம்ப்ரோஸின் நெஞ்சு ஒரு கணம் பூரித்தது. இந்தத் தேவாலயத்தைத் தேடி யாரும் வந்து எவ்வளவு காலமாயிற்று! அடுத்த கணம் சுவரைப் பார்த்தார்.

வேறு வழி தெரியவில்லை. காலையில் மழையில் நனைந்த கம்பளிக் கோட்டோடு போய்ச் சுவரில் முதுகைச் சாய்த்து நின்றுகொண்டார்.

கூட்டம் உள்ளே வந்தது. தலைமை தாங்கி வந்த அம்மாள் உயரமாக, நரைத்த கொண்டையோடு இருந்தார். "டாக்டர் ஃபிரேன்" என்று கை நீட்டினார். ஆம்ப்ரோஸ் முதுகை எடுக்காமலே கையை மட்டும் நீட்டினார்.

"எங்க சர்ச்சைத் தேடி வந்தீங்களே, அதுவே போதும். ரொம்ப சந்தோஷம்மா. ரொம்ப நன்றி."

அந்த அம்மாள் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ஆம்ப்ரோஸின் முகத்தைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டார். "நாங்கதான் நன்றி சொல்லணும்" என்று மட்டும் சொன்னார்.

கூட்டம் சிதறியது. சிலர் பைனாகுலரைத் தூக்கி, மேல் உத்தரங்களில் சிறகு விரித்திருந்த மரத் தேவதைகளைப் பார்த்தார்கள். சிலர் பெஞ்சின் ஓரத்தில் செதுக்கியிருந்த, வாத்துகளுக்குப் பிரசங்கம் செய்யும் நரியைக் கண்டுபிடித்துச் சிரித்தார்கள்.

ஒரே ஒருவர் மட்டும் எதையும் பார்க்கவில்லை. பெவரல் என்ற மெலிந்த பெரியவர் நேராக ஆம்ப்ரோஸிடம் வந்தார். முகம் இறுகியிருந்தது. கண்கள் ஆம்ப்ரோஸின் தோளுக்குப் பின்னால் எதையோ தேடின.

"ஐயா, ஒரு விஷயம் கேக்கணும்..."

கண்டுபிடித்துவிட்டான் என்று நடுங்கினார் ஆம்ப்ரோஸ். "கேள்வியெல்லாம் கடைசில!" என்று சொல்லி, சுவரோடு ஒட்டியபடியே இடப்பக்கம் நகர்ந்தார். முதுகுக்குப் பின்னால் ஏதோ பொலபொலவென்று உதிர்ந்தது.

"இது தரைக்குக் கீழே சுண்டெலி" என்றாள் மேவிஸ், யாரும் கேட்காமலே.

டாக்டர் ஃபிரேன் தூரத்திலிருந்து குரல் கொடுத்தார். "இந்த ஞானஸ்நானத் தொட்டி எவ்வளவு அழகு! கல்லுல, சுத்தி நிக்கற இந்தக் காட்டு மனுஷங்களோட ரோமத்தைக்கூடச் செதுக்கியிருக்கான். கிட்ட வந்து இதைப் பத்திக் கொஞ்சம் சொல்லுங்களேன்!"

"இங்கிருந்தே சொல்றேம்மா! எனக்கு... முதுகுவலி!"

பெவரல் விடவில்லை. காலை மாற்றி மாற்றி வைத்துக்கொண்டு மறுபடி எதிரே வந்து நின்றார். "ஐயா, ரொம்ப அவசரம். இங்க எங்கயாவது..."

"இங்க ஒண்ணும் இல்லை! வெறும் சுவர்!" ஆம்ப்ரோஸ் வலப்பக்கம் சறுக்கினார். பெவரல் வலப்பக்கம் வந்தார். ஆம்ப்ரோஸ் முழங்காலை மடக்கித் தாழ்ந்தார். பெவரலும் குனிந்தார். நனைந்த கம்பளி, சுவரை மேலும் கீழுமாக, பக்கவாட்டிலுமாகத் தேய்த்தது. மாடு மரத்தில் முதுகைச் சொறிவதைப் பார்த்தவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்க வேண்டியதில்லை.

கடைசியில் பெவரல் இரண்டு கையாலும் அவர் கோட்டைப் பிடித்துக்கொண்டார். "உங்களுக்கு மனசாட்சியே இல்லையா?" என்று கிட்டத்தட்ட அழுதார்.

ஆம்ப்ரோஸ் உடைந்துபோனார். ஓரடி முன்னால் வந்துவிட்டார்.

யாரோ பைனாகுலரைக் கீழே போட்டார்கள்.

சுவரில் ஆள் உயரத்துக்கு ஒரு மனிதன் ஆற்றைக் கடந்துகொண்டிருந்தான். கையில் கோல். தோளில் குழந்தை. முழங்கால் வரை தண்ணீர், தண்ணீருக்குள் மீன்கள். சிவப்பும் பச்சையும் நேற்றுத்தான் தீட்டியது போல இருந்தன. ஆம்ப்ரோஸின் முதுகோ பிணத்துக்குப் போர்த்திய துணி போல வெளுத்திருந்தது.

"நான்தாம்மா பண்ணேன்" என்றார். "முதல்ல துணி, அப்புறம் ஆணி, அப்புறம் நாடா, அப்புறம் இந்தக் கோட்டு. எந்தத் தண்டனை வேணா குடுங்க. ஆனா சர்ச்சைப் பூட்ட வேண்டாம்னு பிஷப்கிட்ட ஒரு வார்த்தை சொல்லுங்க. இந்தச் சுவர் பக்கத்துலதான் என் ஐடா உக்காருவா."

டாக்டர் ஃபிரேன் சுவரருகே வந்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

"புனித கிறிஸ்தோபர். குழந்தை ஏசுவைத் தோள்ல தூக்கிக்கிட்டு ஆறு கடந்தவர்" என்றார் மெல்ல. "காலையில இவர் முகத்தைப் பார்த்தவனுக்கு அன்னிக்குத் துர்மரணம் வராதுன்னு அந்தக் காலத்து ஜனங்க நம்பினாங்க. வயலுக்குப் போறவன் வாசல்லயே நின்னு ஒரு பார்வை பார்த்துட்டுப் போகட்டும்னுதான் நேர் எதிரே வரைஞ்சிருக்காங்க. அப்புறம் படமே பாவம்னு ஒரு காலம் வந்து, சுண்ணாம்பு அடிச்சாங்க. அழிக்கணும்னு அடிச்சவங்கதான் காப்பாத்தியிருக்காங்க. அவங்களுக்கும் நன்றி சொல்லணும்." பிறகு குரலை உயர்த்தினார். "ஐயா, நான் எத்தனையோ சர்ச் பார்த்திருக்கேன். இப்படி ஒரு கிறிஸ்தோபரைப் பார்த்ததில்லை. இந்தச் சர்ச்சைப் பூட்டணும்னு இனி எவனும் பேசமாட்டான். நான் இன்னிக்கே பிஷப்கிட்டப் பேசறேன். ஆனா ஒண்ணு..."

"சொல்லுங்கம்மா."

"இந்தச் சுவத்துமேல நீங்க இனி ஒரு விரல் வைக்கக் கூடாது."

"அதை நான் பார்த்துக்கறேன்" என்றாள் மேவிஸ். பிறகு என்ன நினைத்தாளோ, ஆம்ப்ரோஸின் முதுகைத் தட்டிவிட்டுவிட்டு, பழக்கேக்கை எல்லாருக்கும் பெரிய பெரிய துண்டாக வெட்டினாள். அது ஞாயிற்றுக்கிழமைக்கு வைத்திருந்தது.

ஆம்ப்ரோஸ் ஐடாவின் பெஞ்சில் உட்கார்ந்தார். எத்தனை வருடம் அவள் இந்தப் புனிதரின் காலடியில், தெரியாமலே உட்கார்ந்திருக்கிறாள்! யாருக்கு நன்றி சொல்வதென்றே தெரியவில்லை. கடவுளுக்குச் சொன்னார். ஓவியனுக்குச் சொன்னார். பாசிக்குக்கூடச் சொன்னார். அப்புறம்தான் பெவரல் ஞாபகம் வந்தது.

"அந்தப் பெரியவர் எங்கே? வந்ததும் வராததுமா அவர்தான் இந்தச் சுவரைக் கண்டுபிடிச்சார். நான் எவ்வளவு ஒளிச்சாலும் விடலை. என்ன கண்ணு! என்ன பிடிவாதம்! ஒரு நன்றிகூட வாங்கிக்காம போயிட்டாரே!"

"தோட்டத்துப் பக்கம் ஓடினார்" என்றாள் மேவிஸ்.

"அடக்கமான மனுஷன்" என்று உருகினார் ஆம்ப்ரோஸ்.

அப்போது பேருந்து ஓட்டுநர் மழை சொட்டச் சொட்டத் தலையை உள்ளே நீட்டினான்.

"என்னம்மா இது! பெரியவருக்கு ஒண்ணுக்கு முட்டுதேன்னு வழியில ஏதோ ஒரு சர்ச்சுல நிறுத்தினா, மொத்தப் பேரும் இறங்கிக் கேக்கு சாப்பிட்டுக்கிட்டு இருக்கீங்க. நாம பார்க்க வேண்டிய சர்ச்சை இந்நேரம் பூட்டியிருப்பாங்க!"