மாத்திரை ஐயா கெடுத்த அற்புதங்கள்

சித்தூர், திருப்பதி இரண்டு மாவட்டங்களையும் சேர்த்துப் பார்த்தாலும், மாத்திரை ஐயாவைப் போல இத்தனை அற்புதங்களைப் பாழாக்கிய ஊழியக்காரர் இன்னொருவர் கிடையாது. பிசாசே முயற்சி செய்திருந்தால்கூட இவ்வளவு கெடுத்திருக்க முடியாது. நான் சும்மா சொல்லவில்லை. அந்த அற்புதங்களை எழுத்தில் வடித்து மாதாமாதம் மெயின் ஆபீசுக்கு அனுப்பும் வேலை என்னுடையது. அவர் ஒவ்வொன்றாகக் கெடுக்கக் கெடுக்க, திட்டு வாங்கியது நான். இன்றைக்கு நினைத்தாலும் எரிச்சல் வருகிறது.

திருப்பதி பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு சந்தில், லாட்ஜ் ஒன்றின் மாடியில் எங்கள் ஆபீஸ் இருந்தது. சின்னக் கிறிஸ்தவ ஊழிய நிறுவனம், பெயர் வேண்டாம். கிராமங்களில் ஊழியம் செய்யும் ஏழெட்டுப் பேர் காகிதத்தில் எழுதி, வாட்ஸ்அப்பில் படம் பிடித்து அனுப்புவார்கள். நான் அதை இங்கிலீஷில் ரிப்போர்ட்டாக்கிச் சென்னைக்கு அனுப்ப வேண்டும். மாத்திரை ஐயா வரதய்யபாளையத்துப் பக்கத்து ஊர்களைப் பார்த்துக்கொண்டவர். ஐம்பத்தைந்து வயது, வெள்ளைச் சட்டை, ஒரு பழைய மொபெட், அதைவிடப் பழைய கோபம். பைபிளிலிருந்து எடுத்து வைத்த அருமையான பெயர் ஒன்று அவருக்கு உண்டு. அதை யாரும் உபயோகித்து நான் கேட்டதில்லை.

பட்டப்பெயருக்குக் காரணம் சாட்சி நேரம். ஆராதனையில் நாலு பேர் எழுந்து, ஆண்டவர் தங்களுக்குச் செய்த நன்மையைச் சொல்வார்கள். கேட்பவர்கள் "அல்லேலூயா" என்பார்கள். அதோடு எல்லாரும் சந்தோஷமாக வீட்டுக்குப் போகலாம். இவர் விட்டால்தானே?

சித்தூரில் ஒரு கூட்டம். ஒரு அம்மா கண்ணீரோடு சொல்லிக்கொண்டிருந்தார்.

"பத்து நாளா ஜொரம். எழுந்துக்க முடியல. ஜெபம் பண்ணாங்கோ, அன்னிக்கே பூடுச்சி!"

கூட்டம் அல்லேலூயா சொல்ல வாயைத் திறந்தது. பின்வரிசையிலிருந்து இவர் குரல் வந்தது.

"மாத்திரை போட்டியாம்மா?"

அந்த அம்மா திகைத்தார். "போட்டேன் ஐயா."

"எத்தினி நாளு?"

"அஞ்சி நாளு."

"அத்தயும் சொல்லும்மா. ஆண்டவரு கோச்சிக்க மாட்டாரு."

திறந்த வாய்கள் மூடிக்கொண்டன. அடுத்து ஒரு குமாஸ்தா எழுந்து, கர்த்தர் தனக்குச் சொந்த ஊருக்கே டிரான்ஸ்பர் வாங்கிக் கொடுத்ததைச் சொன்னார். "எம்எல்ஏ லெட்டர் குடுத்தாரா இல்லியா?" என்றார் இவர். குமாஸ்தா அப்படியே உட்கார்ந்துவிட்டார். அன்றைக்கு மூன்றாவதாகச் சாட்சி சொல்ல ஆளே கிடைக்கவில்லை.

நான் ஒருமுறை பொறுக்க முடியாமல் கேட்டேன். "ஏன் ஐயா இப்பிடி ஜனங்க விசுவாசத்தக் கெடுக்கிறீங்க?"

"நானா கெடுக்கறேன்? டாக்டரு பேர சொன்னா ஆண்டவருக்கு இன்னா கொறஞ்சி பூடுது? அவரு இன்னா, பேரு வாங்கறதுக்கா அலஞ்சிக்கினு கீறாரு? அலையறது நாமதான்."

இப்படிப்பட்ட மனிதருக்குப் பின்னால் ஏதோ ஒரு சோகம் இருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றியது. வீட்டில் யாரோ மருந்து சாப்பிடாமல் இறந்திருக்க வேண்டும். மனதுக்குள் அரைப் பக்கம் எழுதியும் விட்டேன். மெதுவாகப் பேச்சுக் கொடுத்தேன்.

"ஒர்த்தரும் சாவல தம்பி. எல்லாரும் நல்லாத்தான் கீறாங்கோ. பொய்யக் கேட்டா எனுக்கு வவுத்த வலிக்குது, அவ்ளோதான். இத்த ஒரு கதயாக்கி அனுப்பிடாத."

அரைப் பக்கமும் வீணாகப் போனது.

அவருடைய ரிப்போர்ட்டுகளைப் பற்றிச் சொன்னால் உங்களுக்கும் கோபம் வரும். ஒரு மாதம் இப்படி எழுதியிருந்தார்: "பதினோரு வீடுகளுக்குப் போனேன். ஒன்பது வீட்டில் டீ கொடுத்தார்கள். ஒரு வீட்டில் நாயை அவிழ்த்துவிட்டார்கள். ஒரு வீடு பூட்டியிருந்தது. யாரும் மனந்திரும்பவில்லை. நான் மூன்று முறை கோபப்பட்டேன். இரண்டுக்கு வருந்துகிறேன்." இதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்வது? உள்ளத்தை உருக்கும் சம்பவம் மாதம் ஒன்றாவது வேண்டும் என்பது மெயின் ஆபீஸின் கட்டளை. ஏசி அறையில் உட்கார்ந்துகொண்டு கேட்பவர்களுக்கு என்ன, உள்ளம் உருகியபடியே இருக்க வேண்டும்!

அலிபிரி விவகாரம் வேறு. மாதக் கூட்டத்துக்காக அவர் திருப்பதி வரும்போதெல்லாம், பஸ் ஸ்டாண்டில் வழி தெரியாமல் நிற்கும் பக்தர்கள் இவரிடம்தான் வந்து அலிபிரிக்கு வழி கேட்பார்கள். திருமலைக்கு நடந்து ஏறும் படிகள் அங்கேதான் ஆரம்பம். ஆட்டோக்காரர்கள் அவர்களிடம் வாய்க்கு வந்த கட்டணம் கேட்டால் இவருக்குப் பொறுக்காது. கக்கத்தில் பைபிளை இடுக்கிக்கொண்டு, "ஏம் பாபூ, இதி நியாயமேனா?" என்று தெலுங்கில் ஆரம்பித்து, சண்டை உச்சத்துக்குப் போனதும் தமிழுக்கு வந்துவிடுவார். கடைசியில் பக்தர்களைத் தானே பஸ்ஸில் ஏற்றிவிடுவார். அவர்கள் ஜன்னல் வழியாகக் "கோவிந்தா" என்று இவரைப் பார்த்துக் கும்பிடுவார்கள். "பாத்து ஏறுங்கோ! பிரஷர் மாத்திரை எடுத்துக்கினீங்களா?" என்று இவர் பஸ் கூடவே நடப்பார்.

அந்த மாத ரிப்போர்ட்டில், "பதினாறு பேரை அலிபிரிக்கு அனுப்பினேன்" என்று ஒரு வரி எழுதியிருந்தார். நானும் அவசரத்தில் அப்படியே மொழிபெயர்த்து அனுப்பிவிட்டேன். மெயின் ஆபீஸ் துள்ளிக் குதித்தது. அலிபிரிக்குப் பதினாறு புதிய ஊழியர்களை அனுப்பியதற்காக ஸ்தோத்திரம், உடனே குரூப் போட்டோ அனுப்பவும் என்று பதில் வந்தது. பல சபைகளில் அந்தப் பதினாறு பேருக்காக உபவாச ஜெபம் நடந்தது. உண்மையைச் சொன்னபோது எனக்கு விழுந்த திட்டை இங்கே எழுத முடியாது. இன்றைக்கும் எங்கேயோ ஒரு வயதான அம்மா அந்தப் பதினாறு பேருக்காக முழங்கால் போட்டு ஜெபித்துக்கொண்டிருப்பார் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு எச்சரிக்கை வந்தது. மூன்று மாதத்துக்குள் வலுவான சாட்சி ஒன்று வராவிட்டால் வரதய்யபாளையத்து ஊழியத்தை நிறுத்திவிடுவோம் என்றார்கள். அவரிடம் காட்டினேன். "நடக்காதத எங்கேந்து கொண்டாறது?" என்று கேட்டுவிட்டு மொபெட்டை மிதித்துக்கொண்டு போய்விட்டார். எனக்குத்தான் தூக்கம் போனது.

அந்தச் சமயத்தில் அவரிடமிருந்து முனியம்மாவைப் பற்றி ஒரு தாள் வந்தது. முனியம்மா அவர் ஊழியம் செய்த ஊர்களில் ஒன்றில் கூலி வேலை செய்கிறவர். சர்க்கரை வியாதி, காலில் புண். ஐயா எழுதியிருந்தது இவ்வளவுதான்: "முனியம்மாவின் புண் ஆறிவிட்டது. ஆசுபத்திரி மாத்திரையை ஒரு நாள் விடாமல் போட்டாள். நான் ஜெபித்தேன். கங்கம்மாவுக்குப் பொங்கலும் வைத்தாள்."

நான் உட்கார்ந்து சரிசெய்தேன். முதலில் ஊர்த் தெய்வம் கங்கம்மாவை மொத்தமாகத் தூக்கினேன். பிறகு ஆசுபத்திரியை. கடைசியில் கை தானாக ஓடியது. "'இயேசுவே என் வைத்தியர்' என்று சொல்லி, முனியம்மா தன் மாத்திரைகளை எல்லாம் வாசலில் வீசி எறிந்தார். மூன்றாம் நாள் புண் ஆறியது." எழுதி முடித்துவிட்டு, உங்களிடம் சொல்வதற்கென்ன, நானே கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

மெயின் ஆபீஸ் உருகிவிட்டது. ஊழியம் பிழைத்தது. தங்கள் தமிழ் மாத இதழில் முனியம்மாவின் போட்டோவோடும் ஐயா பெயரோடும் அதைப் போட்டார்கள். இருபது பிரதிகள் வந்தன. நானே கட்டி வரதய்யபாளையத்துக்கு அனுப்பினேன். ஐயா அந்த இதழைப் படிக்கிற வழக்கமில்லை. "அதுல வர்றவங்க யாரும் எனுக்குத் தெரிஞ்ச ஜனங்களா இல்லியே தம்பி" என்பார். கட்டைப் பிரிக்காமலே யார் கேட்டாலும் கொடுத்துவிடுவார்.

இரண்டு மாதம் கழித்து, ஒரு மத்தியானம், மாடிப்படியில் திடுதிடுவென்று சத்தம். ஐயா உள்ளே வந்தார். கையில் அந்த இதழ் சுருட்டியபடி இருந்தது. அவர் கோபத்தை நான் எத்தனையோ முறை பார்த்திருக்கிறேன். அன்றைக்கு அவர் கத்தவில்லை. அதுதான் பயமாக இருந்தது.

"இத்த எழுதுனது யாரு?"

"நீங்க குடுத்ததுதான் ஐயா. கொஞ்சம் மட்டும்..."

"வா."

ஆட்டோவில் ஏற்றிப் பெரியாஸ்பத்திரிக்குக் கூட்டிப்போனார். பெண்கள் வார்டில், ஜன்னலோரக் கட்டிலில் முனியம்மா படுத்திருந்தார். வலது கால் முழுக்கக் கட்டு. மாத்திரையை நிறுத்தியதில் புண் திரும்பிவிட்டது, மறுநாள் இரண்டு விரலை எடுக்கப்போகிறார்கள் என்றார் நர்ஸ். இன்னும் ஒரு வாரம் விட்டிருந்தால் கால் போயிருக்குமாம்.

முனியம்மா என்னைப் பார்த்துச் சிரித்தார். "இந்த சாருதான் புக்குல எழுதுனாரா? நல்லா எழுதிக்கீறாரு. என் மருமவ படிச்சி படிச்சி காட்டுனா."

"மாத்திரையை ஏம்மா விட்டீங்க?" என்றேன்.

"இன்னா சார் நீயே கேக்கற? என் போட்டோவப் போட்டு, நான் மாத்திரைய வுட்டெறிஞ்சேன்னு போட்டுக்கீது. ஊரே பாத்துச்சி. அப்பொறம் நான் எப்பிடி சார் துன்றது? யாராச்சும் பாத்தா ஐயா பொய் சொன்னாருன்னு ஆயிடாதா? அவரு பேரு கெட்டுப் பூடக்கூடாதுன்னு வுட்டுட்டேன்."

ஐயா ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

"நீங்க வீசி எறியலைம்மா. நான்தான் பொய்யா எழுதினேன்" என்றேன்.

முனியம்மாவுக்கு விளங்கவில்லை. "புக்குல எப்பிடி சார் பொய்யி வரும்?"

"சொல்லு தம்பி" என்றார் ஐயா, ஜன்னலைப் பார்த்தபடியே. "புக்குல எப்பிடி பொய்யி வரும்னு அவளுக்குச் சொல்லு."



இதழில் ஒரு திருத்தம் போடச் சொல்லி மெயின் ஆபீசுக்கு எழுதினேன். வாசகர்களின் விசுவாசம் தளர்ந்துவிடும், ஆகவே வேண்டாம் என்று பதில் வந்தது. இரண்டு விரல் போன மனுஷியைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. அதைப் படித்தபோது வந்த ஆத்திரம் இன்னும் அடங்கவில்லை. ஆனால் அந்தப் பொய்யை எழுதியது மெயின் ஆபீஸ் இல்லை. அந்த நினைப்பு என்னை நிம்மதியாக ஆத்திரப்படவும் விடவில்லை.

சித்தூரில் வருடாந்தரக் கூட்டம் வந்தது. மேடையில் மெயின் ஆபீஸ்காரர்கள் வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். சாட்சி நேரம். ஐயா எழுந்து கிழித்துவிடுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் எழவில்லை. கடைசி வரிசையில் கையைக் கட்டிக்கொண்டு என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். வாழ்நாளில் ஒரே ஒரு முறை அவர் வாயை மூடிக்கொண்டது அன்றைக்குத்தான். பாழாய்ப்போன மனிதர், அதற்குப் பேசாமல் கத்தியிருக்கலாம்.

நான் எழுந்தேன். மைக்கைப் பிடித்து, முனியம்மா மாத்திரை போட்டார், போடவில்லை என்று பொய்யாக எழுதியது நான்தான் என்று ஆரம்பித்தேன். இரண்டாவது வாக்கியத்தில் மைக்கை அணைத்துவிட்டார்கள். நான் நிறுத்தினேன்.

"மைக்கு இல்லன்னா இன்னா? வாய் கீதில்ல? சத்தமா சொல்லு!" பின்னாலிருந்து வந்தது அந்தக் குரல்.

சொன்னேன். கங்கம்மாவின் பொங்கல் உட்பட எல்லாவற்றையும் சொன்னேன். யாரும் அல்லேலூயா சொல்லவில்லை. அடுத்த வாரம் எங்கள் இருவரையும் ஒரே கடிதத்தில் நீக்கினார்கள். ஆளுக்கொரு கடிதம் போடக்கூட மனமில்லை.

நான் பத்திரிகைகளில் எழுதிப் பிழைக்க வந்துவிட்டேன். அவர் சொந்த ஊரான கார்வேட்டிநகரத்துக்குப் போய், யாருடைய சம்பளமும் இல்லாமல் அதே ஊழியத்தை அதே கோபத்தோடு செய்கிறார். சனிக்கிழமை தவறாமல் பஸ் மாறி மாறி முனியம்மா வீட்டுக்குப் போய், மாத்திரை அட்டையை வாங்கிப் பார்த்துவிட்டு, ஜெபம் செய்துவிட்டு வருகிறார். முனியம்மா இப்போது நடக்கிறார். செருப்பு மட்டும் நழுவுகிறதாம்.

இந்தக் கட்டுரையை அனுப்பும் முன் அவருக்குப் போனில் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டார். "அலிபிரிக்கு அனுப்புனதுல ஒர்த்தரு மூட்டு வலின்னு திரும்பி வந்துட்டாரு. அத்தயும் போடு" என்றார். போட்டுவிட்டேன்.

போன வருடம் எனக்கும் பிரஷர் என்று டாக்டர் சொன்னார். எப்படியோ அவருக்குத் தெரிந்துவிட்டது. அன்றிலிருந்து தினமும் காலை எட்டு மணிக்குப் போன் அடிக்கிறது. நலமா என்று கிடையாது, ஸ்தோத்திரம் என்று கிடையாது. "போட்டியா?" என்பார். பெரிய தொல்லை. பல நாள் மறந்துதான் போயிருப்பேன். "ஒரு நிமிஷம் ஐயா" என்று சொல்லி, போனைக் காதில் இடுக்கிக்கொண்டே மாத்திரையை எடுத்து விழுங்கி, தண்ணீர் குடித்துவிட்டு, அதற்குப் பிறகுதான் "போட்டேன்" என்கிறேன்.